வெளியே வராத 230 பக்கங்கள்: பிறர் என்ன நினைப்பார்களோ என்ற பயமும் அதன் அறிவியலும்

மாணவர்களே, உங்களில் பலரிடம் யாருக்கும் காட்டாத ஏதாவது ஒன்று இருக்கும். கணிதப் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரைந்த ஓவியமாக இருக்கலாம். கைத்தொலைபேசியில் பாதி எழுதி நிறுத்திய சிறுகதையாக இருக்கலாம். அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று ஆசிரியர் கேட்டபோது, நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போன ஒரு யோசனையாகவும் இருக்கலாம். "எல்லாரும் சிரிப்பார்களே", "இதெல்லாம் ஒரு கதையா என்று கேட்பார்களே", "என்னைவிட நன்றாகச் செய்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே" என்ற குரல்கள்தாம் அதைத் தடுக்கின்றன.

இந்தக் குரல்கள் கோழைகளுக்கு மட்டும் கேட்பவை அல்ல. உயிரியல் என்ற துறையின் போக்கையே மாற்றிய ஒருவருக்கும் இவை கேட்டன. அவருடைய கதையோடு, இந்தப் பயத்தை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தவர்களின் கதையையும் இந்த வாரம் பார்ப்போம்.

மனைவிக்கு ஒரு கடிதம்

1844-ஆம் ஆண்டு ஜூலை 5. இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்தில் உள்ள ஒரு சிற்றூரில் 35 வயது சார்ல்ஸ் டார்வின் தம் மனைவி எம்மாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே வீட்டில்தான் வாழ்ந்தனர். நேரில் சொல்லக்கூடிய செய்திதான். ஆனால், அது அவர் திடீரென்று இறந்துவிட்டால் படிக்க வேண்டிய கடிதம். தாம் எழுதி முடித்திருக்கும் ஓர் ஆய்வுரையைத் தகுதியான ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி வெளியிட வேண்டும், அதற்காக 400 பவுன் ஒதுக்க வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்.

அந்த ஆய்வுரை ஏறக்குறைய 230 பக்கங்கள் கொண்டது. அதன் சாரம் இதுதான். எந்த உயிரினமும், பிழைத்து வாழக்கூடிய எண்ணிக்கையைவிட அதிகமான குட்டிகளையோ விதைகளையோ ஈனுகிறது. அவற்றுக்கிடையே சிறு சிறு வேறுபாடுகள் இருக்கின்றன. தாம் வாழும் சூழலுக்குப் பொருந்திய வேறுபாடு உடையவை அதிகம் பிழைக்கின்றன. அந்த வேறுபாட்டைத் தம் சந்ததிக்குக் கொடுக்கின்றன. இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சேரும் மாற்றங்களால் புதிய இனங்கள் உருவாகின்றன. இதையே இயற்கைத் தேர்வு என்று இன்று நீங்கள் உயிரியல் பாடத்தில் படிக்கிறீர்கள்.

அக்காலத்தில் பெரும்பாலான அறிஞர்கள், ஓர் இனம் எப்படிப் படைக்கப்பட்டதோ அப்படியே என்றும் இருக்கும் என்று நம்பினர். அதே 1844-ஆம் ஆண்டு ஜனவரியில், தாவரவியலாளரான ஜோசப் ஹூக்கருக்கு டார்வின் எழுதிய கடிதத்தில், இனங்கள் மாறக்கூடியவை என்று தாம் எண்ணுவதைச் சொல்வது ஒரு கொலைக் குற்றத்தை ஒப்புக்கொள்வதைப் போல இருக்கிறது என்று குறிப்பிட்டார்.

பெயர் போடாத ஆசிரியர்

டார்வினின் தயக்கத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில், இயற்கையில் உயிர்கள் படிப்படியாக மாறி வந்தன என்று கூறும் ஒரு நூல் லண்டனில் வெளிவந்தது. அதில் ஆசிரியர் பெயரே இல்லை. நூல் பரபரப்பாக விற்றது. ஆனால், அறிவியலாளர்கள் அதைக் கிழித்தெடுத்தனர். டார்வினுக்குப் புவியியல் கற்றுக்கொடுத்த ஆடம் செட்ஜ்விக் என்ற பேராசிரியரே அதை மிகக் கடுமையாகத் தாக்கி எழுதினார்.

அந்த நூலை எழுதியவர் எடின்பரோ நகரின் பதிப்பாளர் ராபர்ட் சேம்பர்ஸ். தம் கையெழுத்தை யாராவது அடையாளம் கண்டுகொள்வார்களோ என்று, கையெழுத்துப்படியை மனைவியைக் கொண்டு படியெடுக்கச் செய்தார். 1871-இல் அவர் இறந்தார். 1884-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவர் பெயர் அச்சாகியது. தாம் எழுதிய நூலுக்குத் தாம்தான் ஆசிரியர் என்று உயிரோடு இருந்தவரை அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை.

டார்வினின் உரை மேலும் 15 ஆண்டுகள் நூலாகவில்லை. இதற்குப் பயம் மட்டுமே காரணமா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வான் வைஹி, டார்வின் அஞ்சி ஒளிக்கவில்லை, கைவசம் இருந்த வேறு நூல்களை முடிப்பதில் மூழ்கியிருந்தார் என்று 2007-இல் வாதிட்டார். 1846 முதல் 1854 வரை டார்வின் கடற்பாறைகளில் ஒட்டி வாழும் கொட்டலசு என்ற உயிரினத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது உண்மைதான்.

ஆனால், அந்த நீண்ட ஆய்வுக்குப் பின்னாலும் ஒரு சிறு கதை இருக்கிறது. பல இனங்களை நுணுக்கமாக ஆராய்ந்து விவரிக்காத ஒருவருக்கு இனங்களின் தோற்றத்தைப் பற்றிப் பேச உரிமை இல்லை என்ற பொருளில் ஹூக்கர் 1845-இல் எழுதினார். அவர் குறிப்பிட்டது வேறொருவரை. டார்வினோ அது தமக்கே பொருந்துகிறது என்று வேதனையோடு பதில் எழுதினார். யாரோ யாரைப் பற்றியோ சொன்னதைக் கேட்டு, "என்னைத்தான் சொல்கிறார்கள்" என்று மனம் சுருங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும் அல்லவா?

உடலுக்குள் நடப்பது என்ன?

பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்று தோன்றியவுடன் இதயம் ஏன் படபடக்கிறது? உள்ளங்கை ஏன் வியர்க்கிறது? ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993-இல் இதை அளக்க ஒரு முறையை உருவாக்கினர். ஆய்வுக்கு வந்தவர் ஒரு குழுவின் முன் நின்று, வேலைக்கு நேர்முகத் தேர்வில் பேசுவதுபோல் ஐந்து நிமிடம் தம்மைப் பற்றிப் பேச வேண்டும். பிறகு, 1022-இலிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். தவறினால் மீண்டும் 1022-இலிருந்து தொடங்க வேண்டும். குழுவினர் சிரிக்க மாட்டார்கள், தலையாட்ட மாட்டார்கள். கல்போல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆய்வாளர்கள் அவருடைய எச்சிலில் கார்டிசோல் என்ற ஹார்மோனை அளந்தனர். அது சராசரியாக இரு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, ஆபத்து வரும்போது இதைச் சுரக்கிறது. ஆனால், அந்த அறையில் புலியும் இல்லை, பாம்பும் இல்லை. மேசைக்குப் பின்னால் சில மனிதர்கள், அவ்வளவுதான்.

2004-இல் சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமெனி ஆகிய இருவர் இத்தகைய 208 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். கடினமான வேலை மட்டும் கார்டிசோலை அந்த அளவுக்கு உயர்த்துவதில்லை. பிறர் நம்மைக் குறைவாக மதிப்பிடக்கூடும் என்ற நிலையும், நிலைமை நம் கட்டுப்பாட்டில் இல்லை என்ற உணர்வும் சேரும்போதுதான் அது மிக அதிகமாக உயர்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

மனிதன் கூட்டமாக வாழ்ந்து பழகிய உயிரினம். கூட்டம் ஒதுக்கிவிட்டால் உணவும் கிடைக்காது, பாதுகாப்பும் கிடைக்காது என்ற நிலையில் நம் முன்னோர் நெடுங்காலம் வாழ்ந்தனர். அதனால், பிறர் மதிப்பை இழப்பதையும் ஓர் ஆபத்தாகவே உடல் எடுத்துக்கொள்கிறது என்பது அறிவியலாளர்கள் தரும் விளக்கம். ஆகவே, வகுப்பின் முன் கவிதை படிக்கும்போது கை நடுங்கினால், உங்களிடம் திறமை இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். பழைய எச்சரிக்கை மணி ஒன்று தன் வேலையைச் செய்கிறது.

உங்கள் வயதில் ஏன் அதிகம்?

ஆறு வயதுப் பிள்ளையிடம் ஒரு தாளையும் வண்ண மெழுகுக் குச்சியையும் கொடுங்கள். யானை வரையத் தெரியுமா என்று அது யோசிக்காது; வரைந்துவிட்டு வீடு முழுவதும் காட்டும். அதே பிள்ளை படிவம் இரண்டுக்கு வந்ததும் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு வரைகிறது. இடையில் என்ன நடந்தது?

அமெரிக்க உளவியலாளர் லியா சமர்வில்லும் அவருடைய குழுவினரும் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 8 வயது முதல் 23 வயது வரை உள்ளவர்களை மூளைப் படக் கருவிக்குள் படுக்க வைத்து, "இப்போது கேமரா இயங்குகிறது, உங்கள் வயதுள்ள ஒருவர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்" என்று மட்டும் தெரிவித்தனர். அவர்கள் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. உண்மையில் யாரும் பார்க்கவும் இல்லை. ஆனாலும், பதின்ம வயதினருக்குக் கூச்சம் குழந்தைகளைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தது. தோலின் வியர்வை அளவும் அதையே காட்டியது.

இன்னோர் உளவியலாளரான டேவிட் எல்கைன்ட், 1967-ஆம் ஆண்டிலேயே இதற்குப் பொருத்தமான ஒரு பெயர் வைத்தார். பதின்ம வயதினர் ஒரு "கற்பனைப் பார்வையாளர் கூட்டத்தை" எப்போதும் உடன் கொண்டு செல்கிறார்கள் என்றார் அவர். முகத்தில் ஒரு பரு வந்தால் பள்ளி முழுவதும் அதைத்தான் பார்க்கிறது என்று தோன்றுவது இதனால்தான்.

அந்தக் கூட்டம் உண்மையில் எவ்வளவு பெரியது?

இதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் தோமஸ் கிலோவிச்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் மாணவர் ஒருவருக்கு ஒரு டி-சட்டையைக் கொடுத்தனர். அதில் பாரி மேனிலோ என்ற பாடகரின் படம் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ள அங்குள்ள இளைஞர்கள் வெட்கப்படுவார்கள். அதை அணிந்து, மற்ற மாணவர்கள் ஏற்கெனவே அமர்ந்திருந்த அறைக்குள் சென்றுவிட்டு உடனே வெளியே வர வேண்டும்.

"எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?" என்று கேட்டபோது, சட்டை போட்டவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர் என்றனர். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர். வெட்கப்பட வைக்காத படங்களைக் கொண்டு மீண்டும் சோதித்தபோது, கவனித்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. 2000-ஆம் ஆண்டில் வெளியான இந்த ஆய்வு "ஒளிவட்ட விளைவு" என்ற கருத்தைப் புகழ்பெறச் செய்தது. மேடை விளக்கு நம் மீது மட்டும் விழுகிறது என்று நாம் நினைக்கிறோம். மற்றவர்களோ தங்கள் மீது விழும் விளக்கைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பேச்சுப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு மற்றொரு நல்ல செய்தி. கிலோவிச்சும் கென்னத் சவிட்ஸ்கியும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசுபவரின் உள்நடுக்கம் அவர் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை என்று கண்டனர். இந்த உண்மையைப் பேசுவதற்கு முன்பே தெரிந்துகொண்டவர்கள், தெரியாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டனர்.

சரவாக்கிலிருந்து ஒரு கட்டுரை

இப்போது நம் பக்கத்திற்கு வருவோம். டார்வின் தம் ஆய்வுரையை வைத்துக்கொண்டு காத்திருந்த காலத்தில், அதே கேள்வியோடு இன்னொருவர் நம் வட்டாரத்துக் காடுகளில் அலைந்துகொண்டிருந்தார். அவர் பெயர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். டார்வினைப் போல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். 14 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்து விற்றுப் பிழைத்தவர். அமேசான் காடுகளில் நான்கு ஆண்டுகள் உழைத்துவிட்டு 1852-இல் திரும்பியபோது, கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்து அவர் உடன் கொண்டுவந்த சேகரிப்புகள் கடலில் போயின.

அத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 1854-இல் சிங்கப்பூர் வந்து இறங்கினார். அங்கிருந்து சரவாக் சென்றார். 1855 பிப்ரவரியில், கூச்சிங்கிற்கு அருகே சந்துபோங் மலையடிவாரத்தில், மழைக்காலத்தில் வெளியே போக முடியாத நாட்களில், ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வோர் இனமும் அதற்கு நெருங்கிய உறவுடைய இன்னோர் இனம் ஏற்கெனவே இருந்த இடத்திலும் காலத்திலுமே தோன்றியிருக்கிறது என்பது அதன் கருத்து. பட்டம் இல்லாத ஒரு பூச்சி சேகரிப்பாளர், உயிரியலின் மிகப் பெரிய கேள்வியைத் தொட்டிருந்தார். கட்டுரை அதே ஆண்டு செப்டம்பரில் லண்டன் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது.

வரவேற்பு எப்படி இருந்தது தெரியுமா? ஏறக்குறைய மௌனம். லண்டனில் அவருடைய பொருள்களை விற்றுத் தந்த முகவர், வாலஸ் கோட்பாடு பேசுவதை விட்டுவிட்டு இன்னும் தகவல்களைச் சேகரிக்கலாமே என்று சில இயற்கையியலாளர்கள் குறைப்பட்டுக்கொண்டதாக எழுதினார். "உனக்கு எதற்கு இந்த வேலை?" என்பதன் நாகரிகமான வடிவம் அது.

வாலஸ் ஏமாற்றம் அடைந்தார். அந்த மௌனத்திற்குப் பின்னால் நடந்தது அவருக்குத் தெரியவில்லை. சார்ல்ஸ் லயல் என்ற பெரும் புவியியலாளர் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஆழ்ந்த யோசனையில் இறங்கியிருந்தார். கல்கத்தாவில் இருந்த எட்வர்ட் பிளித் என்பவரும் அதைப் படித்துவிட்டு டார்வினுக்குச் சொன்னார். யாரும் கவனிக்கவில்லையே என்று வாலஸ் வருந்தியபோது, லயலும் பிளித்தும் அதைத் தமக்குச் சுட்டிக்காட்டியதை டார்வினே 1857 டிசம்பரில் கடிதம் எழுதித் தெரிவித்தார். பாராட்டு வரவில்லை என்பதற்கு, படைப்பு யாரையும் தொடவில்லை என்று பொருள் இல்லை.

1858 பிப்ரவரியில், இன்றைய இந்தோனேசியாவின் தெர்னாத்தே தீவிலிருந்து வாலஸ் அடுத்த கட்டுரையை எழுதினார். காய்ச்சலில் படுத்திருந்தபோது தோன்றிய எண்ணத்தை எழுந்ததும் எழுதி முடித்து டார்வினுக்கே அனுப்பினார். 1858 ஜூன் மாதம் அதைப் படித்த டார்வின் திகைத்துப்போனார். தாம் வைத்திருந்த அதே இயற்கைத் தேர்வுக் கருத்து அதில் இருந்தது.

அஞ்சிய நாள் வந்தபோது

லயலும் ஹூக்கரும் சேர்ந்து ஒரு வழி செய்தனர். 1858 ஜூலை 1 அன்று, லண்டன் லின்னியன் கழகக் கூட்டத்தில் இருவரின் எழுத்துகளும் ஒன்றாகப் படிக்கப்பட்டன. வாலஸ் கடல் கடந்து இருந்தார். டார்வின், சில நாட்களுக்கு முன் இறந்துபோன தம் கைக்குழந்தையின் துயரத்தில் வீட்டில் இருந்தார்.

ஒரு கொலையை ஒப்புக்கொள்வதுபோல் இருக்கிறது என்று அஞ்சிய கருத்து இப்போது வெளியே வந்துவிட்டது. கூட்டத்தில் என்ன நடந்தது? பெரிய விவாதம் எதுவும் இல்லை. கூச்சலும் இல்லை, கேலியும் இல்லை. அடுத்த ஆண்டு, கழகத் தலைவர் தோமஸ் பெல் தம் ஆண்டுரையில், கடந்த ஆண்டு துறையைப் புரட்டிப்போடும் கண்டுபிடிப்பு எதுவும் நிகழவில்லை என்ற பொருளில் பேசினார்! டி-சட்டை ஆய்வுக்கு வரலாறு தரும் நல்ல எடுத்துக்காட்டு இது.

எதிர்ப்பே வரவில்லை என்று சொல்ல முடியாது. 1859 நவம்பர் 24 அன்று டார்வினின் "இனங்களின் தோற்றம்" வெளியானது. முதல் பதிப்பின் 1,250 படிகளையும் புத்தக வணிகர்கள் உடனே வாங்கிவிட்டனர். அதன் பிறகு கேலிச் சித்திரங்கள், கடும் விமர்சனங்கள் எல்லாம் வந்தன. கரடி ஒன்று நீரில் வாயைத் திறந்தபடி நீந்திப் பூச்சிகளைப் பிடிப்பதைச் சொல்லி, அத்தகைய விலங்கு காலப்போக்கில் திமிங்கிலம் போன்ற ஒன்றாக மாறக்கூடும் என்று அவர் எழுதிய பகுதியைப் பலர் நகையாடினர். இரண்டாம் பதிப்பில் அதை அவர் சுருக்கிவிட்டார். நூலைத் திரும்பப் பெறவில்லை. ஒரு பகுதியைத் திருத்தினார், அவ்வளவுதான். 1872 வரை ஆறு பதிப்புகளில் விமர்சனங்களுக்கு விடை சொல்லிக்கொண்டே வந்தார்.

சந்தேகத்தை எங்கே உட்கார வைப்பது?

தன்மேல் சந்தேகம் வருவது முற்றிலும் கெட்டதா? அந்த நூலின் ஆறாம் அத்தியாயத்தைப் பாருங்கள். தம் கோட்பாட்டுக்கு எதிராக என்னென்ன கேட்கலாம் என்று டார்வினே அங்கே பட்டியலிடுகிறார். கண் போன்ற நுட்பமான உறுப்பு எப்படிப் படிப்படியாக உருவாகியிருக்கும் என்ற கேள்வியைப் பிறர் கேட்பதற்கு முன் அவரே கேட்டு, விடையும் தேடுகிறார். பல ஆண்டுகள் அவரை உறுத்திய சந்தேகம், நூலின் வலுவான ஓர் அத்தியாயமாகிவிட்டது.

சந்தேகம் எப்போது பேசுகிறது என்பதில்தான் சிக்கல். படைக்கும்போதே அது குறுக்கே வந்தால் கை நின்றுவிடும். அமெரிக்காவின் சார்ல்ஸ் லிம், ஆலன் பிரவுன் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை மூளைப் படக் கருவிக்குள் படுக்க வைத்து, மடியில் ஒரு சிறிய விசைப்பலகையைக் கொடுத்தனர். மனப்பாடமான இசையை வாசிக்கும்போதும், அந்த நேரத்தில் மனத்தில் தோன்றியதை வாசிக்கும்போதும் மூளையைப் படம் பிடித்தனர். புதிதாகப் படைக்கும்போது, தன்னையே கண்காணித்துத் திருத்துவதோடு தொடர்புடைய முன்மூளையின் பக்கப் பகுதிகள் அடங்கியிருந்தன. ஆறு பேரை மட்டும் கொண்ட ஆய்வு என்பதால் இதையே முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால், எழுதும்போது எழுதுவதும் திருத்தும்போது திருத்துவதும் நல்லது என்று எழுத்தாளர்கள் காலங்காலமாகச் சொல்லி வருவதோடு இது ஒத்துப்போகிறது.

தெரேசா அமாபிலே என்ற உளவியலாளர் 1979-இல் வெளியிட்ட ஆய்வும் அதே பக்கம் கை காட்டுகிறது. மாணவிகளிடம் வண்ணத் தாள்களைக் கொடுத்து ஒட்டுச் சித்திரம் செய்யச் சொன்னார். சிலரிடம் மட்டும், ஓவியர்கள் இதை மதிப்பிடப் போகிறார்கள் என்று முன்பே சொன்னார். பிறகு ஓவியர்கள் எல்லாருடைய படைப்புகளையும் பார்த்தனர். பொதுவாக, மதிப்பீட்டை எதிர்பார்த்துச் செய்தவர்களின் படைப்புகளில் புதுமை குறைந்திருந்தது.

இந்த வாரம் செய்து பார்க்கலாம்

பயம் முழுவதும் போன பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்தால், தொடங்கும் நாள் வராது. பயம் இருக்கும்போதே செய்யக்கூடிய சில வழிகள் இதோ.

முதலாவது, உங்கள் ஒளிவட்டத்தை நீங்களே அளந்து பாருங்கள். ஒரு நாள் கைக்கடிகாரத்தை வழக்கமான கையில் கட்டாமல் மற்றக் கையில் கட்டிக்கொண்டு பள்ளிக்குச் செல்லுங்கள். எத்தனை நண்பர்கள் கவனிப்பார்கள் என்று காலையிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பள்ளி முடியும் நேரத்தில் கேட்டுப் பாருங்கள். இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, இரண்டு வேலைகளுக்கு இரண்டு நேரம் ஒதுக்குங்கள். 15 நிமிடம் நிறுத்தாமல் எழுதுங்கள் அல்லது வரையுங்கள். அந்த நேரத்தில் அழிப்பானைத் தொடக்கூடாது. திருத்துவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று சந்தேகத்தைத் தாராளமாகப் பேச விடலாம்.

மூன்றாவது, முதலில் ஒரே ஒருவரிடம் காட்டுங்கள். டார்வின் தம் 230 பக்கங்களை 1847-இல் ஹூக்கரிடம் படிக்கக் கொடுத்தார். ஹூக்கர் புகழ்ந்து தள்ளவில்லை. குறைகளைக் குறிப்பெழுதிக் கொடுத்தார். ஆனால், கேலி செய்யவில்லை. அப்படிப்பட்ட ஓர் அக்காவோ, நண்பரோ, ஆசிரியரோ உங்களுக்கும் இருப்பார். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்தில் உங்களுக்குப் புரியவில்லை?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வரும் விடை உங்களைப் பற்றியதாக இருக்காது; படைப்பைப் பற்றியதாக இருக்கும்.

நான்காவது, படபடப்புக்கு வேறு பெயர் வையுங்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முன்பின் தெரியாதவர் முன் கரோக்கே பாட வைத்தார். பாடலைக் கணினி மதிப்பிட்டது. பாடுவதற்கு முன் "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 53 விழுக்காடு பெற்றனர். எதுவும் சொல்லாதவர்கள் 69 விழுக்காடு. "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொன்னவர்கள் 80 விழுக்காட்டைத் தொட்டனர். பதற்றத்திலும் உற்சாகத்திலும் இதயம் ஒரே மாதிரிதான் துடிக்கிறது. அதை அடக்க முயல்வதைவிடத் திசை திருப்புவது எளிது என்பது அவருடைய விளக்கம்.

ஒன்றை மறக்க வேண்டாம். எல்லாக் கேலியும் கற்பனை என்று இங்கே சொல்லவில்லை. உங்கள் படைப்பைப் படம் பிடித்துக் குழுக்களில் பரப்பி அவமானப்படுத்துவது பகடிவதை. அதைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. நம்பிக்கையான பெரியவரிடம் உடனே சொல்லுங்கள். அதேபோல், பிறரைப் பற்றிய பயத்தால் பள்ளிக்கே போக முடியவில்லை, தூக்கம் வரவில்லை என்ற நிலை இருந்தால் பள்ளி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ பேசுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

வாலஸும் ஹூக்கரும் லயலும் இல்லாமல் இருந்திருந்தால், அந்த 230 பக்கங்கள் இன்னும் எத்தனை ஆண்டுகள் காத்திருந்திருக்குமோ! டார்வினைத் தள்ளிவிட்டது தைரியம் அன்று. கேள்வி கேட்ட ஒரு நண்பரும், நம் தீவுகளிலிருந்து வந்த ஓர் அஞ்சலும்தான். பிறகு பதின்மூன்று மாதங்களில் அவர் நூலை எழுதி முடித்தார். உங்களுக்கும் ஒரு தள்ளல் தேவைப்பட்டால், நண்பர் ஒருவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்: வரும் வெள்ளிக்கிழமை ஓய்வு நேரத்தில் அவர் ஒரு பக்கம் கொண்டு வரட்டும், நீங்கள் ஒரு பக்கம் கொண்டு போங்கள்.